சின்னக் குழந்தையோடு ஏற்காட்டுக்கு ஒரு நாள்: வாந்தி இல்லாமல் ஏறி, தூங்க வைத்து இறக்கும் முறை

இது சேலத்தில் இருப்பவர்களுக்கும், முதல் நாள் இரவே சேலம் வந்து தங்கிவிடுபவர்களுக்கும் எழுதியது. குழந்தைக்கு வயது இரண்டிலிருந்து ஐந்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எல்லோர் போனிலும் இருக்கிறது. ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், கிளியூர் அருவி, தாவரவியல் பூங்கா என்று அத்தனையையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் மூன்றாவது இடத்திலேயே குழந்தை தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிடும். மலைமேல் ஒரு இடம், அடிவாரத்தில் ஒரு இடம், சாயங்காலம் வாய்க்கு ஏதாவது ஒன்று. இதற்கு மேல் வைக்காதீர்கள். மிச்சம் இருக்கும் யோசனை முழுவதும் குழந்தையின் வயிற்றுக்கும் தூக்கத்துக்கும் போகட்டும்.

நேரக் கணக்கு இப்படி: காலை 6:45க்குச் சாப்பாடு. 8 மணிக்கு அஸ்தம்பட்டி தாண்டிவிட வேண்டும். 9:15க்கு ஏரி. 11:15க்கு மதியச் சாப்பாடு. 12:30க்கு மலை இறக்கம். 2:30க்குக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. 5 மணிக்குத் தட்டுவடை செட் (தட்டுவடைகளுக்கு நடுவில் சட்னியும் காய்கறித் துருவலும் வைத்துத் தரும் சேலத்துச் சிற்றுண்டி). 6 மணிக்கு வீடு.

படி 1: முதல் நாள் இரவு எடுத்து வைக்க வேண்டியவை

மாற்று உடை இரண்டு செட் (ஒன்று குழந்தைக்கு, ஒரு மேல்சட்டை தூக்கி வைத்திருப்பவருக்கு). மெல்லிய ஸ்வெட்டர். பருத்தித் துண்டு இரண்டு. ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்று. சோப்பு. சில்லறை நோட்டு, ஏனென்றால் மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும், யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கும்.

வாந்திக்குப் பிளாஸ்டிக் கவரை நம்பாதீர்கள். வளைவில் வண்டி சாயும்போது கவரின் வாய் மூடிக்கொள்ளும், குழந்தைக்குக் குறி பார்க்கவும் தெரியாது. இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா மாதிரி அகலமான வாயும் இறுக்கமான மூடியும் உள்ள டப்பா ஒன்று போதும். அடியில் செய்தித்தாளை நான்காக மடித்துப் போட்டுவிட்டால் தளும்பாது. மூடினால் வாடை வெளியே வராது. அந்த வாடைதான் பக்கத்தில் இருக்கும் அடுத்த குழந்தையையும் வாந்தி எடுக்க வைக்கிறது.

தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஏற்காட்டில் மேடு, பள்ளம், படிதான் அதிகம். உடம்போடு கட்டிக்கொள்ளும் குழந்தைப் பை இருந்தால் நல்லது. இல்லையென்றால் இடுப்புதான்.

படி 2: மலை ஏறுவது

நாள் நன்றாகப் போகுமா கெட்டுப்போகுமா என்பது இந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடிவாரத்திலிருந்து மேலே போவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் திரும்பும்போது காதின் உட்பகுதி "உடம்பு சுழல்கிறது" என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ முன்சீட்டின் முதுகையோ, கையிலிருக்கும் போனையோ பார்த்து "எதுவும் அசையவில்லை" என்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு இது குறைவு. அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரைக்கும்தான் அதிகம். பெரியவர்கள் ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பார்த்துச் சமாளித்துக்கொள்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு உயரம் பற்றாது. அது பாதி நேரம் சீட் துணியைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறது.

ஆகவே முதல் வேலை, குழந்தையின் கண் மட்டத்தை உயர்த்துவது. காரில் பின்சீட்டில் குழந்தைகளுக்கான இருக்கையைப் பொருத்தி, பெல்ட் போட்டு உட்கார வைத்தால் முன் கண்ணாடி வழியாக ரோடு தெரியும். பாதுகாப்பும் அதுதான். 14 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது. மடியில் வைத்துக்கொள்வது வசதியாகத் தோன்றும், ஆனால் திடீர் பிரேக்கில் எந்தக் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது.

பஸ் என்றால் முன்பக்கம், பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள சீட்டாகப் பாருங்கள். கடைசி சீட் வளைவில் வீசி அடிக்கும். பைக்கில் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். போய்த்தான் ஆக வேண்டுமென்றால், 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம், வேகம் 40க்கு மேல் கூடாது. மலையில் அதில் பாதி வேகமே அதிகம்.

சாப்பாடு: வெறும் வயிற்றோடும் ஏற்றக்கூடாது, முட்ட முட்டக் கொடுத்தும் ஏற்றக்கூடாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் ஒன்றரை அல்லது இரண்டு சின்ன இட்லி, கொஞ்சம் சர்க்கரையோ பொடியோ தொட்டு. பால், சத்துமாவுக் கஞ்சி, நெய்ப் பொங்கல், பூரி எல்லாவற்றையும் அன்றைக்கு மட்டும் தள்ளி வையுங்கள். "பாலாவது குடிச்சிட்டுப் போகட்டும்" என்று பாட்டி டம்ளரோடு வாசலுக்கு வருவார். அந்தப் பாலை ஏற்காட்டில் காய்ச்சிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

வண்டி அடிவாரம் வந்ததும் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். சிறுநீர் போக வையுங்கள், நாலு வாய் தண்ணீர் கொடுங்கள், கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்குங்கள், போனை வாங்கிப் பைக்குள் போடுங்கள். அப்புறம் விளையாட்டை ஆரம்பியுங்கள்: "அடுத்த நம்பர் போர்டை யார் மொதல்ல பாக்கறது கண்ணு?" ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதன் எண் எழுதிய பலகை இருக்கிறது. அதைத் தேடும் கண் தானாகவே தூரத்தையும் ரோட்டையும் பார்க்கும். வைத்தியம் அதுவேதான். எண்ணத் தெரியாத குழந்தைக்கு "எதிர்ல பஸ் வருதா பாரு" என்றால் போதும்.

ஓட்டுபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் ஒரே சீராகத் திருப்ப வேண்டும். வளைவுக்குள் போய் பிரேக், வெளியே வந்ததும் ஆக்சிலரேட்டர் என்று மாறி மாறி அழுத்தினால் எந்த மருந்தும் வேலை செய்யாது. பத்தாவது வளைவு தாண்டி ஓரமாக இடம் இருக்கும் இடத்தில் ஒருமுறை நிறுத்தி இறங்கி நில்லுங்கள். வளைவிலேயே நிறுத்தாதீர்கள். மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி, ஆனால் எல்லோரும் கடைப்பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓட்ட முடியாது.

சின்னக் குழந்தைக்கு "தலை சுத்துது" என்று சொல்லத் தெரியாது. "வயிறு வலிக்குது" என்றுதான் சொல்லும். அதற்கு முன்னாலேயே அடையாளம் தெரியும்: பேசிக்கொண்டே வந்த குழந்தை சட்டென்று அமைதியாகும், கொட்டாவி விடும், எச்சிலை அடிக்கடி விழுங்கும், உதட்டைச் சுற்றி வெளுக்கும், நெற்றியில் பொடி வியர்வை வரும். கொட்டாவி வரும்போதே வண்டியை நிறுத்த இடம் பார்த்துவிடுங்கள். வெளுத்த பிறகு பார்த்தால் டப்பாவைத்தான் நீட்ட முடியும்.

வாந்தி வந்துவிட்டால் திட்டாதீர்கள், உடனே தண்ணீரும் கொடுக்காதீர்கள். வாய் கொப்பளிக்க வைத்து, பத்து நிமிடம் கழித்து ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர். திரும்பத் திரும்ப எடுத்தால் ஓஆர்எஸ். முழு பாக்கெட்டையும் அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் ஒரே தடவையாகக் கலக்க வேண்டும், பாதி பாதியாகப் பிரிக்கக் கூடாது. வாந்தித் தடுப்பு மருந்தைக் குழந்தை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும் ப்ரோமெத்தசின் வகை, இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாத மருந்து.

படி 3: ஏரி, படகு

சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அதனால் மேலே ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். வண்டியிலிருந்து இறங்கும் முன்பே ஸ்வெட்டரைப் போட்டுவிடுங்கள். பிரிக்காத சிப்ஸ் பாக்கெட் ஒன்று கையில் இருந்தால் குழந்தையிடம் காட்டுங்கள். அடிவாரத்தில் தொளதொளவென்று இருந்தது மேலே பலூன் மாதிரி உப்பியிருக்கும். மேலே காற்றழுத்தம் குறைவு, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. காது அடைப்பதும் இதனால்தான்.

படகு இல்லம் திறந்ததும் முதல் ஆளாக நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு மேல் வரிசை நீளும், வரிசையில் நிற்கும் அரை மணி நேரம் குழந்தைக்கு ஒரு யுகம். மிதி படகைவிடத் துடுப்புப் படகு நல்லது. படகோட்டி ஓட்டுவார், உங்கள் இரண்டு கையும் குழந்தைக்கு. லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் குழந்தையின் கைகளை மேலே தூக்கச் சொல்லி, தோள்பட்டைப் பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரியவர் அளவு. தண்ணீரில் விழுந்தால் கழன்று போகும். சின்ன அளவு கேளுங்கள். இல்லையென்றால் படகு வேண்டாம், கரையிலேயே நடக்கலாம்.

பக்கத்திலேயே அண்ணா பூங்கா. அங்கே எந்தத் திட்டமும் போடாமல் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள்.

கிளியூர் அருவியும் கரடிக் குகையும் இந்த வயதுக்கு வேண்டாம். அருவிக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும், ஈரத்தில் வழுக்கும், திரும்பி ஏறும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

குரங்கு: கையில் கவர் சரசரத்தால் சாப்பாடு என்று அதற்குத் தெரியும். பிஸ்கட்டைக் குழந்தை கையில் கொடுத்து வெளியே விடாதீர்கள். பல்லைக் காட்டிச் சிரிப்பதும் கண்ணுக்குக் கண் பார்ப்பதும் குரங்குக்குச் சண்டைக்கு அழைப்பு. பிறாண்டினாலோ கடித்தாலோ காயம் சின்னதுதான் என்று விட்டுவிடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் ஊசி போட வேண்டும்.

படி 4: தூக்கத்தோடு சேர்த்து இறங்குவது

கண் மூடித் தூங்கும் குழந்தைக்குக் குமட்டல் மிகக் குறைவு. எனவே குழந்தை வழக்கமாக மதியம் தூங்கும் நேரத்தில் வண்டி மலை இறங்க வேண்டும். 11:15க்குத் தயிர்சாதம், அதுவும் வழக்கமாகச் சாப்பிடுவதில் முக்கால் அளவு. அப்புறம் முக்கால் மணி நேரம் மெதுவாக நடந்துவிட்டு, 12:30க்கு ஏறினால் மூன்றாவது நான்காவது வளைவிலேயே தலை சாய்ந்துவிடும். இறங்கும்போது தாழ்ந்த கியரில் இறக்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறும், வண்டியும் குலுங்கிக் குலுங்கிக் குழந்தையை எழுப்பிவிடும்.

பிறகு சேர்த்தது: சளி பிடித்த குழந்தைக்கு இந்த முறை பொருந்தாது. இறங்கும்போது வெளியே அழுத்தம் கூடும்; எச்சில் விழுங்கினால்தான் காதுக்குள் சமமாகும். தூங்கும்போது விழுங்குவது குறைவு. மூக்கும் அடைத்திருந்தால் பாதி வழியில் காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு எழும். அப்படிப்பட்ட குழந்தையை விழிக்க வைத்து, சில வளைவுக்கு ஒருமுறை ஒரு வாய் தண்ணீர் கொடுத்துக்கொண்டே மெதுவாக இறக்குங்கள். கைக்குழந்தை என்றால் வண்டியை ஓரமாக நிறுத்திப் பால் கொடுத்துவிட்டு நகருங்கள். சளி அதிகமாக இருந்தால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவதே சரி.

இன்னொன்று: மே மாதக் கோடை விழா நாட்களில் அடிவாரப் பாதையில் ஏறி, குப்பனூர் பாதையில் இறங்கும்படி ஒருவழியாக மாற்றுவது வழக்கம். குப்பனூர் வழி வந்தால் அயோத்தியாப்பட்டணம் பக்கம்தான் வந்து சேர்வீர்கள், குரும்பப்பட்டி வழியில் வராது. அந்த நாட்களில் அடுத்த படியை விட்டுவிட்டு, மேலேயே லேடீஸ் சீட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்குங்கள். மேகம் இல்லாவிட்டால் வளைந்து வளைந்து வந்த ரோடும் சேலம் ஊரும் அங்கிருந்து தெரியும்.

படி 5: குரும்பப்பட்டி

அடிவாரத்தில் உள்ள வன உயிரியல் பூங்கா. தூங்கி எழுந்த குழந்தைக்கு மான், மயில், பறவைகள். ஒன்றரை மணி நேரம் தாராளம். வார விடுமுறை நாளையும் டிக்கெட் கொடுக்கும் கடைசி நேரத்தையும் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே வெயிலில் மதியம் வேண்டாம், விலங்குகள் நிழலில் படுத்திருக்கும், குழந்தையும் வாடிவிடும்.

மலையே ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு இந்த இடத்தை மட்டும் வைத்துக் காலை ஒன்பது மணிக்கு வந்து போனாலும் முழு நாளாகத்தான் அதற்குத் தெரியும்.

படி 6: தட்டுவடை செட்

இதைக் கடைசியில் வைக்கக் காரணம், இதற்கு அப்புறம் வளைவு கிடையாது. சாயங்காலக் கடையில் அப்போதே பீட்ரூட், கேரட் துருவிக்கொண்டிருக்கும் கடையாகப் பாருங்கள். காலையில் துருவி வைத்தது தண்ணீர் விட்டிருக்கும். குழந்தைக்குக் கேட்கும்போது, "ஒரு செட் தனியா, சிவப்புச் சட்னி வேண்டாங்க, வெங்காயம் வேண்டாங்க, துருவல் மட்டும்" என்று சொல்லுங்கள். சிவப்புச் சட்னியில் பூண்டும் மிளகாயும். பச்சைச் சட்னியிலும் காரம் உண்டு, விரலில் தொட்டு ருசி பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.

நான்கு வயதுக்குள் என்றால் தட்டுவடையை முழுசாகக் கொடுக்காதீர்கள். கடித்த துண்டு கூர்மையாக உடைந்து தொண்டையில் நிற்கும். உள்ளங்கையில் வைத்து நொறுக்கி, துருவலோடு பிசைந்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு ஊட்டுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிட விடாமல், கடை பெஞ்சில் உட்கார வைத்து.