பவுண்டில் வந்த விஸ்காசிட்டியைப் பாஸ்கல்-விநாடிக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் மாம்பழ சீசன் தொடங்குவதற்குச் சற்று முன்பாக, கிருஷ்ணகிரியில் நான் பணியாற்றும் மாங்கூழ் ஆலைக்குப் பயிற்சிப் பொறியாளர்கள் சிலர் வந்து சேர்கிறார்கள். பழைய அமெரிக்க இயந்திரம் ஒன்றின் விவரத்தாளைக் கொடுத்து, அதில் உள்ள டைனமிக் விஸ்காசிட்டியை, அதாவது திரவம் ஓட மறுக்கும் பிசுப்பின் அளவை, நம் அலகான பாஸ்கல்-விநாடிக்கு மாற்றித் தரச் சொன்னால், நான் சேர்ந்த புதிதில் சறுக்கிய அதே இடத்தில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். தசமப்புள்ளி இடம் மாறுவதும், பாய்ஸையும் சென்டிபாய்ஸையும் (ஒரு பாஸ்கல்-விநாடி என்றால் 10 பாய்ஸ், 1,000 சென்டிபாய்ஸ்) குழப்புவதும் ஒரு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும் என்பதால், அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

எந்தப் பவுண்டு என்று கேட்காமல் இருப்பது

இம்பீரியல் முறையில் பவுண்டு என்ற ஒரே சொல் நிறைக்கும் வழங்குகிறது, விசைக்கும் வழங்குகிறது. இதனால் விஸ்காசிட்டிக்கு இரண்டு வேறுபட்ட அலகுகள் ஏறத்தாழ ஒரே முகத்துடன் நம் முன் வந்து நிற்கின்றன. பவுண்டை நிறையாகக் கொண்டு, அதை அடியாலும் விநாடியாலும் வகுத்து எழுதும் அலகு 1.488 பாஸ்கல்-விநாடிக்குச் சமம். பவுண்டை விசையாகக் கொண்டு, விநாடியால் பெருக்கிச் சதுர அடியால் வகுத்து எழுதும் அலகோ 47.88 பாஸ்கல்-விநாடிக்குச் சமம். ஒரு பவுண்டு விசை என்பது ஒரு பவுண்டு நிறைக்கு, விநாடிக்கு விநாடி 32.174 அடி முடுக்கம் தரும் விசை என்பதால், இரண்டுக்கும் இடையில் நிற்பதும் அதே 32.174 மடங்குதான்.

விசையைக் குறிக்க, பவுண்டின் குறியீடான ‘எல்பி’க்குப் பின் ‘எஃப்’ என்ற எழுத்தைச் சேர்த்து எழுதுவதே முறை. பழைய கேட்லாக் தயாரித்தவர்களில் பலர் அந்த ஓர் எழுத்தை எழுதச் சோம்பல்பட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. எழுத்தை நம்ப முடியாத இடத்தில், விநாடி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். விநாடி மேலேயும் சதுர அடி கீழேயும் இருந்தால் அது விசை. விநாடியும் வெறும் அடியும் சேர்ந்து கீழே இருந்தால் அது நிறை. இந்த அடையாளம் பவுண்டுக்கு மட்டுமே பொருந்தும். ஸ்லக் என்ற நிறை அலகில் விநாடி கீழே நின்றாலும் மதிப்பு 47.88-தான்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் இருந்த ஆலையில், கூழின் நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரிலிருந்து வெளிவரும் பெங்களூரா மாம்பழக் கான்சன்ட்ரேட்டை, அதாவது செறிவூட்டிய கூழை, நிரப்பும் இயந்திரமான ஃபில்லருக்குத் தள்ளுவதற்கு ஒரு பம்ப் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. விவரத்தாளில் விஸ்காசிட்டி 0.1 என்றும், சதுர அடிக்குப் பவுண்டு-விநாடி என்றும் இருந்தது, ‘எஃப்’ இல்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒட்டியிருந்த அட்டவணையில் பவுண்டு என்று முதலில் கண்ணில் பட்ட 1.488-ஆல் பெருக்கி, 149 சென்டிபாய்ஸ் என்று எழுதிக் கொடுத்தேன். உண்மையான மதிப்பு ஏறக்குறைய 4,790 சென்டிபாய்ஸ். கரண்டியில் அள்ளினால் எளிதில் வழியாத கூழுக்கு எஞ்சின் ஆயிலின் எண்ணைக் கொடுத்திருக்கிறோமே என்ற ஐயம் கணக்குப் போட்ட எனக்கும் எழவில்லை, கையெழுத்திட்ட மேலாளருக்கும் எழவில்லை.

வாங்கி வந்தது, நீர்த்த திரவங்களுக்கே ஏற்ற சென்ட்ரிஃபியூகல் பம்ப். கான்சன்ட்ரேட் உள்ளே வந்ததும் ஓட்டம் அறவே நின்று, மோட்டார் மீண்டும் மீண்டும் டிரிப் ஆனது. எவாப்பரேட்டரை நிறுத்தினோம், உள்ளே சூட்டில் தங்கிய கூழ் நிறம் கறுத்தது. போச்சம்பள்ளியிலிருந்தும் சந்தூரிலிருந்தும் பழம் ஏற்றி வந்த வண்டிகள் வெயிலில் காத்துக் கிடந்தன. வண்டிக்காரர்கள் என் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். கெட்டியான கூழையும் தள்ளக்கூடிய லோப் பம்ப் ஒன்றை அவசரமாக வரவழைத்துப் பொருத்திய பிறகுதான் ஆலை ஓடியது.

மெட்ரிக் என்றால் இந்தச் சிக்கல் இல்லை என்று எண்ண வேண்டாம். பழைய ஐரோப்பிய இயந்திரங்களில் கிலோகிராம் விசையை வைத்து எழுதிய விஸ்காசிட்டி வரும். அங்கே மடங்கு 9.80665.

மணியை விநாடியாகப் படிப்பது

வெப்பப் பரிமாற்றிக் கணக்குகளில், நிறைப் பவுண்டு அலகின் கீழே விநாடிக்குப் பதிலாக மணி இருக்கும். அந்த அலகு ஒன்றுக்கு 0.4134 சென்டிபாய்ஸ்தான்.

ரெயின் என்ற அலகைக் கண்டு திகைப்பது

பேரிங் உயவுக் கணக்கில் வரும் இந்த அலகு 6,895 பாஸ்கல்-விநாடி. சதுர அங்குலத்துக்குப் பவுண்டு என்ற அழுத்த அலகான பிஎஸ்ஐ-யைப் பாஸ்கலாக்கும் அதே எண்.

சென்டிஸ்டோக்ஸைச் சென்டிபாய்ஸாக எழுதிவிடுவது

சென்டிஸ்டோக்ஸ் என்பது, டைனமிக் விஸ்காசிட்டியை அடர்த்தியால் வகுத்து வரும் கைனமேட்டிக் விஸ்காசிட்டியின் அலகு. அடர்த்தியால் பெருக்காமல் அது சென்டிபாய்ஸ் ஆகாது. தண்ணீரில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக வருவதால் பழக்கம் கெட்டுவிடுகிறது. 28 பிரிக்ஸ் (கரைந்த சர்க்கரையின் விழுக்காட்டு அளவு) கான்சன்ட்ரேட்டில் அதே பழக்கம் சுமார் 11 விழுக்காட்டைத் தின்றுவிடும்.

எண்ணை மட்டும் மாற்றி, அளந்த நிலையை விட்டுவிடுவது

77 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அளந்ததை 25 டிகிரி செல்சியஸ் என்று சேர்த்து எழுதாவிட்டால், மாற்றிய எண்ணுக்குப் பயனில்லை. கூழ் தண்ணீரைப் போன்றதும் அன்று. வேகமாகக் கலக்கும்போது அது இளகுவதால், விஸ்காசிட்டி மானியில் சுழலும் ஸ்பிண்டில் எது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதும் எண்ணோடு கூடவே வர வேண்டும். அலகு மாற்றம் இவற்றில் எதையும் ஈடுசெய்யாது.

தண்ணீரை வைத்துச் சரிபார்க்காமல் விடுவது

20 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் விஸ்காசிட்டி 1.002 சென்டிபாய்ஸ், நிறைப் பவுண்டில் அது 0.000673, விசைப் பவுண்டில் 0.0000209. கையில் உள்ள காரணியால் தாளில் உள்ள அலகை மாற்றி, தண்ணீர் ஒரு சென்டிபாய்ஸுக்கு வந்து நிற்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். நான் வாங்க வைத்த அந்த சென்ட்ரிஃபியூகல் பம்பைப் பிறகு பழம் கழுவும் தொட்டிக்கு மாற்றினார்கள். தண்ணீரை அது குறையில்லாமல் ஏற்றியது.