மருந்து அடிக்காமல் முன்வளவுப் புல்லைக் காப்பாற்றுவது

மே மாதம் வந்தால் கனடாவின் ரொறன்ரோவில், ஸ்காபரோவில் எங்கள் தெருவில் ஒரே பேச்சு டண்டலியன் என்ற மஞ்சள் பூக் களைதான். "முந்தி ஒரு மருந்து அடிச்சால் காணும், இப்ப கடையில அது இல்லையே" என்று பழைய ஆட்கள் குறைப்படுவார்கள்.

கடையில் இல்லாததற்குக் காரணம் சட்டம். 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோவில் வெறும் அழகுக்காகப் புல்லுக்கும் பூந்தோட்டத்துக்கும் 2,4-டி போன்ற களைகொல்லிகளை அடிக்க முடியாது. இதற்கு வழி திறந்தது கியூபெக்கில் உள்ள ஹட்சன் என்ற சின்ன ஊர். 1991இல் அது போட்ட தடையை எதிர்த்துப் புல்லுக்கு மருந்தடிக்கும் கம்பனிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2001இல் தோற்றன. எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவுக்குப் போகிற யாரிடமாவது போத்தல் சொல்லி விடலாம் என்று நினைக்காதீர்கள். எங்கே வாங்கினாலும் இங்கே அடிப்பது தடைதான். தொட்டால் கொப்புளம் போடும் பொய்சன் ஐவி போன்ற செடிகளுக்கு விலக்கு உண்டு.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் புல் வெட்டும் மெஷினில் வெட்டும் உயரத்தைக் கூட்டுங்கள். அடிக்கடி வெட்டும் அலுப்புக்கு எங்கள் ஆட்கள் ஒட்ட வெட்டிவிடுவார்கள். களைக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. புல் 7, 8 சென்ரிமீற்றர் நின்றால் மண்ணில் நிழல் விழும், களை விதை முளைக்கத் திணறும். வெட்டிய புல்லை அள்ளாமல் அப்படியே விடுங்கள், அதுவே பசளை.

டண்டலியனை மழை பெய்த மறுநாள் கிண்டுங்கள். கரட் போல நேரே இறங்கும் வேர், ஈர மண்ணில்தான் முழுசாக வரும். பாதியில் முறிந்தால் திரும்ப முளைக்கும். கிண்டிய குழியில் ஒரு பிடி கொம்போஸ்டும் புல் விதையும் போடாவிட்டால் அடுத்த களைக்கு இடம் பிடித்துக் கொடுத்த மாதிரி.

நிறைய இருந்தால், அனுமதிக்கப்பட்ட இரும்பு கலந்த களைகொல்லி கடையில் கிடைக்கும். காற்றில்லாத, மழை வராத நாளில் இலை நனைய அடித்தால் மறுநாளே டண்டலியன் இலை கறுத்துச் சுருளும், புல் தப்பிவிடும். வேரிலிருந்து திரும்பத் துளிர்த்தால் மூன்று நாலு கிழமை கழித்து இன்னொரு தரம். ட்ரைவ்வேயில் பட்டால் உடனே கழுவுங்கள். கொங்கிரீட்டில் துருக் கறை பிடித்தால் லேசில் போகாது. வினிகர் வகை மருந்து புல்லையும் கருக்கும், அதைக் கல் இடுக்குகளோடு நிறுத்துங்கள்.

என்னைக் கேட்டால் உண்மையான வேலை மே மாதத்தில் இல்லை, ஓகஸ்ட் கடைசியிலும் செப்ரெம்பரிலும்தான். மண் சூடாக இருக்கும், வெயில் தணிந்திருக்கும். காய்ந்த புல்லை வாரி எடுத்து, மெல்லிசாகக் கொம்போஸ்ட் பரப்பி, விதை தூவி, முளைக்கும் வரை மேல்மண் காயாமல் பாருங்கள். வசந்தத்தில் சோளக் குளூட்டன் போடுகிறவர்கள் அந்த நேரம் புல் விதை போட வேண்டாம். களை விதையைத் தடுக்கிற அது புல் விதையையும் விடாது.

ஸ்கங்க், ரக்கூன் போன்ற மிருகங்கள் இரவில் புல்லைப் புரட்டிப் போட்டால் அடியில் வெள்ளைப் புழு இருக்கிறது. இழுத்துப் பாருங்கள், புல் வேரில்லாமல் கையோடு வரும். அதற்கு நெமற்றோட் என்ற கண்ணுக்குத் தெரியாத புழுக்களை வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள். அவை உயிருள்ளவை, திகதி பார்த்து வாங்கி, ஊற்றும் வரை ஃபிரிட்ஜில் வையுங்கள். வெயில் பட்டால் செத்துவிடும் என்பதால் பின்னேரம், நிலத்தை முதலே நனைத்து ஊற்றி, பிறகும் தண்ணீர் விட வேண்டும். இதற்கும் காலம் ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்ரெம்பர் வரை, புழு சின்னதாக இருக்கும்போது. மே மாதத்தில் கொழுத்த புழுவுக்கு ஊற்றினால் காசுதான் வீண்.

கதவு தட்டி "எல்லாக் களையும் போயிடும்" என்று வருகிற கம்பனிக்காரரிடம் என்ன மருந்து, லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். போத்தல் லேபிளைக் காட்டத் தயங்கினால் அனுப்பிவிடுங்கள்.