மியூச்சுவலா, கேஸா? விவாகரத்து மனு போடுவதற்கு முன்

என் விவாகரத்துக்கு இரண்டரை வருடம் பிடித்தது. அதில் ஒன்றரை வருடம் தவறான மனுவைப் போட்டதால் வீணானது. நான் சொல்லப்போவது 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் வரும் கல்யாணங்களுக்கு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சம்மத விவாகரத்து உண்டு, ஆனால் சட்டப்பிரிவுகள் வேறு.

படி 1: எதில் இழுபறி?

பிரியவே சம்மதம் இல்லையா? இல்லை, பிரியச் சம்மதம்தான், நகையிலும் பிள்ளையிலும்தான் தகராறா? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தகராறு நகையில்தான் என்றால் நீங்கள் போக வேண்டியது சட்டப்பிரிவு 13பி, அதாவது பரஸ்பர சம்மதம். எங்கள் சண்டை 22 பவுனுக்கு. நானோ கோபத்தில் 'கொடுமை' என்று பிரிவு 13-இல், அதாவது சம்மதம் இல்லாத வழக்காக, மனு போட்டேன். கணவர் எதிர்மனுவில் என் அம்மாவையும் இழுத்தார். அப்புறம் வாய்தா மேல் வாய்தா. கடைசியில் சமரச மையத்தில் மூன்றே அமர்வில் நகைப் பேச்சு முடிந்து, 13பி-க்கு மாறினோம்.

எதிராளி பிரியவே மறுத்தால்தான் 13. கொடுமை, வேறொருவரோடு உறவு, இரண்டு வருடம் கைவிட்டது என்று சட்டம் சொல்லும் காரணம் ஒன்றை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 'இனி ஒட்டாது' என்பது மட்டும் குடும்ப நல நீதிமன்றத்தில் காரணம் ஆகாது. அதை வைத்து விவாகரத்து தரும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்குத்தான் உண்டு என்று 2023-இல் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது.

எதிராளி கோர்ட்டுக்கே வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தரும் தீர்ப்பு. அதைச் சம்மதம் என்று நினைத்துவிடாதீர்கள். சம்மன் ஒழுங்காகச் சேரவில்லை என்றால் பிறகு வந்து தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லலாம்.

படி 2: பிரிந்த தேதி

நான் இரண்டாவதாகச் சறுக்கிய இடம் இதுதான். 13பி மனு போடும் நாளுக்கு முன் குறைந்தது ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். மனு கொடுத்து ஆறு மாதம் கழித்துத்தான் இரண்டாவது முறை சம்மதம் சொல்ல முடியும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் நிபந்தனையோடு: மனுவுக்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் பிள்ளை விஷயமும் முடிந்திருக்க வேண்டும்.

என் கணக்கில் நாங்கள் பிரிந்து இரண்டு வருடம். ஆனால் நடுவில் மாமனார் இறந்தபோது காரியம் முடியும்வரை 16 நாள் அந்த வீட்டில் இருந்தேன். கேஸ் நடந்தால் என்ன, மாமனார் மாமனார்தானே. நீதிபதி கேட்டதும் கணவர் வெள்ளந்தியாக, "அப்பா காரியம் முடிஞ்சுதான் அவங்க போனாங்க ஐயா" என்றார். அந்தக் கணக்கில் பதினாலே மாதம். தள்ளுபடி கிடைக்கவில்லை, ஆறு மாதமும் காத்திருந்தோம்.

ஒரே கூரைக்குக் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அது பிரிந்திருப்பதுதான். 1991-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் அந்த 16 நாள் போன்றவற்றை மனுவிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே தேதியைச் சொல்லிப் பாருங்கள். பொய்த் தேதி வேண்டாம், சத்தியம் செய்து சொல்கிறீர்கள்.

படி 3: ஒப்பந்தம்

'எல்லாம் பேசி முடித்தோம்' என்ற ஒரு வரி போதாது. எந்த வளையல், எந்த ஆரம், எத்தனை பவுன், எந்தத் தேதி, பிள்ளை எந்தெந்த விடுமுறையில் யாரிடம் என்று எழுதுங்கள். 498ஏ (கணவரோ அவர் வீட்டாரோ செய்த கொடுமைக்கான கிரிமினல் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85) கேஸ் இருந்தால் கூடுதல் கவனம். தமிழ்நாட்டில் அதை மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து 'வாபஸ்' வாங்க முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும். யார் போடுவது, யார் செலவு என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல் என்பது எனக்குப் பிடிக்காது. பணம் மிச்சம்தான், ஆனால் நகை வரியை உங்கள் பக்கமிருந்து படிக்க ஆள் இருக்காது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு அழைக்கலாம்.

வாய்தா தேதிக்குக் குமாஸ்தாவைத் துரத்தாதீர்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணை (உங்கள் வழக்குக்கென்று தரும் அடையாள எண்) போட்டால் வந்துவிடும். நான் கூடவே ஒரு நீளவாக்கு நோட்டும் வைத்திருந்தேன். செயலியைவிட அதைத்தான் நம்பினேன்.

பின்சேர்க்கை 1: கணவர் துபாயில் இருக்கிறார், என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். காணொலியில் சாட்சி சொல்லவும் நெருங்கிய உறவினர் மூலம் ஆஜராகவும் நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று அதே 2017 தீர்ப்பில் இருக்கிறது. முன்கூட்டியே மனு போட்டுக் கேளுங்கள்.

பின்சேர்க்கை 2: முதல் கையெழுத்துப் போட்டு பணத்தையும் வாங்கியவர் இரண்டாவது முறை வரவில்லை என்று இன்னொருவர் எழுதினார். தீர்ப்பு வரும்வரை சம்மதத்தை வாபஸ் வாங்கலாம், அதுதான் சிக்கல். மனு கொடுத்து 18 மாதத்துக்குள் இருவரும் சேர்ந்து வராவிட்டால் அந்த மனுவால் பயன் இல்லை, 13-க்குத்தான் போக வேண்டும். அதனால் பணமோ நகையோ பாதியை முதல் முறை, மீதியை இரண்டாவது முறை நீதிபதி முன்னால் என்று எழுதுங்கள். என் 22 பவுனில் 10 முதலில் வந்தது, 12 கடைசி நாளில்.