வயிறு உப்புசமா? ஒரு பேருந்து ஓட்டுநரின் வழி

அமெரிக்காவில் ஜெஃப்ரி பிளாண்ட் என்பவர் 1991இல் ஃபங்ஷனல் மெடிசினுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார். நோய்க்குப் பெயர் வைப்பதோடு நிற்காமல் அது ஏன் வந்தது என்று தேடுவது அவர்கள் வழி. குடலுக்கு ஐந்து படி சொல்கிறார்கள்: தொந்தரவு தருவதை நீக்குவது, குறைவதை நிரப்புவது, நல்ல நுண்ணுயிர்களைச் சேர்ப்பது, குடல் சுவரைத் தேற்றுவது, அன்றாடப் பழக்கத்தைச் சரிசெய்வது. நான் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுகிறேன். ஒரு வாரம் விடியற்காலை வேலை, அடுத்த வாரம் நள்ளிரவு வரை. எங்கள் தொழிலில் வயிறு கெடாதவர் அபூர்வம். அந்த ஐந்தில் முதலாவதும் கடைசியும் எனக்கு உதவின. நடுவில் உள்ள மூன்றில் பணம்தான் அதிகம் போகும்.

சாப்பாட்டில் கை வைக்குமுன் பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போய்விடுங்கள். இங்கே சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் குடல் மருத்துவம் உண்டு, ஃபங்ஷனல் மெடிசின் கிடையாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விழுங்கச் சிரமம், இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். 50 வயதைத் தொட்ட குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனைப் பெட்டியை இலவசமாகத் தருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டியது. மேல் வயிறு எரிந்தால் ஹெலிகோபேக்டர் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். வயிற்றுப்புண்ணுக்கு அந்தக் கிருமி காரணம் என்று காட்டிய மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருந்தால் பெரும்பாலும் மாத்திரையில் போய்விடும். அதை விட்டுவிட்டு சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

உணவு ஒவ்வாமைக்கு ஐஜிஜி ரத்தப் பரிசோதனை என்று ஒன்றை விற்பார்கள். ஐஜிஜி என்பது ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம். என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் ஒரு கிளினிக்கில் அதற்கு நல்ல தொகை கொடுத்துவிட்டு, முட்டை, பால், கோதுமை, முந்திரி எல்லாம் கூடாது என்று நீண்ட பட்டியலோடு வந்தார். பாவம், மனிதர் இளைத்ததுதான் மிச்சம். ஒரு பொருளை நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் ஐஜிஜி பெரும்பாலும் காட்டும். ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

சரி, பரிசோதனைகளில் கோளாறு ஒன்றும் இல்லை, ஆனாலும் வயிறு ஊதுகிறது. அப்படியானால் ஒரு சின்ன நோட்டை எடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எந்த ஷிப்ட், வயிறு எப்போது ஊதியது, மலம் எப்படி இருந்தது, இவ்வளவுதான். இரண்டு வாரம் எழுதினாலே ஒரு சாயல் தெரியும்.

அடுத்து நீக்குவது. மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ‘லோ ஃபாட்மேப்’ முறைதான் இதில் ஆராய்ச்சி பலம் உள்ளது. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளித்து வாயுவாகும் சர்க்கரைகளைச் சில வாரம் குறைப்பது. இரண்டு முதல் ஆறு வாரம் போதும், அதற்கு மேல் இழுக்கக் கூடாது. முடிந்தால் உணவியல் நிபுணர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டில் இது கடினம். வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை, பால், மாம்பழம் எல்லாமே பட்டியலில் இருக்கிறது. வழி உண்டு. பூண்டில் உள்ள அந்தச் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் எண்ணெய் காய்ந்ததும் நசுக்கிய பூண்டைப் போட்டுப் பொன்னிறமாக வதக்கி, ஒரு துண்டு விடாமல் எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளியுங்கள். வாசம் அப்படியே இருக்கும். தண்ணீரோ தக்காளியோ சேர்ப்பதற்கு முன் பூண்டு வெளியே வந்துவிட வேண்டும். இந்த எண்ணெயைப் பாட்டிலில் சேர்த்து வைக்காதீர்கள், விஷக் கிருமி வளரும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி மட்டும். பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, வெந்த நீரையும் வடித்துவிட்டுக் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளலாம்.

வெளியில் சாப்பிட வேண்டி வந்தால் காப்பிக் கடையில் சீனச் சைவக் கடையைத் தேடுங்கள். பௌத்த மரபில் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. பீஹூன் (அரிசிச் சேமியா), பொரித்த தோஃபு, கொஞ்சம் முட்டைக்கோஸ் வாங்கலாம். காளானும் கோதுமையில் செய்த போலி இறைச்சியும் மட்டும் வேண்டாம்.

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். வயிறு லேசாகிவிட்டது, இனி ஆயுசுக்கும் வெங்காயமே வேண்டாம் என்று. விடை கிடைப்பது திருப்பிச் சேர்க்கும்போதுதான். மற்ற சாப்பாட்டை மாற்றாமல் ஒரு பொருளை மட்டும் மூன்று நாள் சேருங்கள். வெங்காயம் என்றால் முதல் நாள் ஒரு கரண்டி, மறுநாள் அதைவிடக் கூட, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. தொந்தரவு வந்தால் நிறுத்தி, வயிறு அடங்கியதும் அடுத்த பொருள். பூண்டைத் தனியாக, கோதுமையைத் தனியாக, பாலைத் தனியாகப் பாருங்கள். எனக்கு வெங்காயச் சாம்பார்தான் எதிரி. பரோட்டா ஒன்றும் செய்யவில்லை. தேநீரில் ஊற்றும் பாலும் சரி, ஒரு குவளை நிறையப் பால் குடித்தால்தான் வயிறு பேசும். உங்களுக்கு இது தலைகீழாக இருக்கலாம். ஒத்துக்கொண்டது எல்லாம் தட்டுக்குத் திரும்பட்டும். நல்ல நுண்ணுயிர்களுக்கும் அதுதான் சாப்பாடு.

நடுப்படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பால் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பால் சர்க்கரையைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் மாத்திரை பயன்படும். அமில மாத்திரை என்று பீட்டெய்ன் கொடுத்தால், வயிற்றுப்புண் உள்ளவரும் வலி மாத்திரை சாப்பிடுபவரும் தொடவே வேண்டாம். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை சாப்பிட்டு வருபவர் தானாக நிறுத்தினால் எரிச்சல் இரட்டிப்பாகத் திரும்பலாம், மருத்துவரைக் கேளுங்கள். குடலைத் தேற்ற குளூட்டமின் தூள் வாங்க நான் காசு செலவழிக்கவில்லை. தயிர் சாப்பிடுங்கள். பழைய சோறும் நல்லதுதான், ஆனால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் சோற்றை இரவு முழுக்க மேடையில் விட்டால் வாந்திக் கிருமி பெருகும். நான் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காலையில் தயிர் ஊற்றிக் கரைக்கிறேன். “பெட்டியில வச்சா அது எப்படிப் பழைய சோறு?” என்று அத்தை கேட்பார். கேட்கட்டும்.

கடைசிப் படிதான் ஓட்டுநர்களுக்கு. சாப்பாடுகளுக்கு நடுவே குடல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை போலத் தன்னைத் தானே கூட்டித் துடைக்கும். ஒவ்வொரு நடைக்கும் பிஸ்கட் கொறித்தால் அது நடக்காது. மூன்று, நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். இரவு ஷிப்ட் என்றால் பெரிய சாப்பாட்டை வேலைக்கு முன்பே முடித்துவிட்டு, வீடு திரும்பியதும் பசித்தால் ஒரு கிண்ணம் கஞ்சி. மலச்சிக்கலுக்கு இசப்கோலை அரைக் கரண்டியில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு குடித்து, மெல்லக் கூட்டுங்கள். கழிப்பறையில் காலுக்கு அடியில் ஒரு முக்காலி வைத்தால் முழங்கால் உயர்ந்து சுலபமாகப் போகும். வண்டி எடுக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தால், அடக்கிக்கொண்டு ஏறாதீர்கள். போய்விட்டு வந்து எடுங்கள்.