"சைட்டை ஹேக் பண்ணிட்டாங்க" என்று வந்தால் என்ன பார்க்க வேண்டும்

வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். கறுப்புப் பின்னணி, சிரிக்கும் முகமூடி, கீழே நாலு வரி கோஷம். ஃபார்வர்ட் பண்ணுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: சுவரில் போஸ்டர் ஒட்டினார்களா (பக்கத்தை மாற்றினார்களா), வாசலில் மறியல் செய்தார்களா (தளத்தை முடக்கினார்களா), பூட்டை உடைத்து உள்ளே போனார்களா (தரவை எடுத்தார்களா)? மூன்றுக்குமே செய்தியில் 'ஹேக்' என்றுதான் போடுவார்கள்.

முதலில் ஸ்கிரீன்ஷாட்டின் மேல் ஓரத்தில் இருக்கும் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எனக்கு ஒரு தடவை "துறையே விழுந்துவிட்டது" என்று வந்த படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால், எப்போதோ முடிந்துபோன ஒரு கருத்தரங்கின் பதிவுப் பக்கம். யாரும் எட்டிப் பார்க்காத கொல்லைப்புறச் சுவர், அதில் ஒரு போஸ்டர், அவ்வளவுதான். இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் அந்த முகவரியைப் போட்டால் பழைய பக்கம் தேதியோடு கிடைக்கும், படம் புதுசா போன வருடத்ததா என்றும் சில சமயம் தெரிந்துவிடும். வந்த லிங்கை மட்டும் அழுத்தாதீர்கள்.

தளம் திறக்கவே இல்லையென்றால் வைஃபையில் ஒரு தடவை, மொபைல் டேட்டாவில் ஒரு தடவை பாருங்கள். இரண்டிலும் சுற்றிக்கொண்டே இருந்தால் மறியலாக இருக்கலாம், அதாவது ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கை அனுப்பி வழியை அடைப்பது, டிடாஸ் என்பார்கள். ஆனால் பிளஸ் டூ ரிசல்ட் அன்று எந்த ஹேக்கரும் இல்லாமலே தளம் படுத்துவிடுகிறதே! அதனால் யாராவது காரணம் சொல்லி, முன்கூட்டியே அறிவித்துச் செய்தார்களா என்று தேடுங்கள்.

2012-இல் நடந்ததைப் பாருங்கள். ஒரு தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆள் பெயர் குறிப்பிடாத 'ஜான் டோ' உத்தரவு வாங்கினார்கள். இணையச் சேவை நிறுவனங்கள் அதைக் காட்டி விமியோ (வீடியோ தளம்), பைரேட் பே (டொரண்ட் தளம்) போன்றவற்றையே மொத்தமாக மூடிவிட்டன. அதை எதிர்த்து மே மாதம், முகமூடியை அடையாளமாகக் கொண்ட அனானிமஸ் என்ற ஹேக்கர் கூட்டத்தின் பெயரில் உச்ச நீதிமன்றத்தின் தளமும் காங்கிரஸ் கட்சியின் தளமும் முடங்கின, ஜூன் 9 அன்று அதே முகமூடியோடு பல நகரங்களில் ஆட்கள் தெருவிலும் நின்றார்கள். அந்த ஜூனிலேயே, முழுத் தளத்தையும் அல்ல, குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதைக் கேட்டு மனுப் போட்டவர்கள் இணையச் சேவை நிறுவனத்தார். பேர் முகமூடிக்கு, கதவைத் திறந்தது மனு என்பது என் கணக்கு.

பூட்டு உடைந்த கதை வேறு. 1998 மே மாதம் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை நடந்த சில வாரங்களில், மில்வோர்ம் என்ற குழுவைச் சேர்ந்த பதின்வயதுப் பிள்ளைகள் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து மின்னஞ்சல்களை எடுத்தார்கள், போகும்போது இணையப் பக்கத்தில் போஸ்டரும் ஒட்டிவிட்டுப் போனார்கள். இந்த மாதிரிச் செய்தி வந்தால் மாதிரிக்குக் காட்டும் தரவில் தேதிகளைப் பாருங்கள், பழைய கசிவையே புதுப் பெயரில் விற்பது வழக்கம். கோப்பை இறக்கிப் பார்க்காதீர்கள், அதில் இருப்பது யாரோ ஒருவரின் ஆதார் எண்ணும் வீட்டு விலாசமும். உங்கள் மின்னஞ்சல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க 'ஹேவ் ஐ பீன் போன்ட்' (Have I Been Pwned) தளம் இருக்கிறது.

அப்புறம், "நீங்களும் சேருங்கள், இந்தக் கருவியை ஓடவிட்டால் போதும்" என்று வந்தால் தொடவே தொடாதீர்கள். 2010-இல், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்துக்குப் போகும் நன்கொடையை நிறுத்தியதற்காக பேபால், விசா, மாஸ்டர்கார்டு தளங்களை இப்படித்தான் அடித்தார்கள். பலர் ஓட்டிய லோயிக் என்ற கருவி அவர்களுடைய ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் கம்ப்யூட்டரை அடையாளம் காட்டும் எண்ணை, மறைக்கவே இல்லை. அடுத்த ஜூலையில் பேபால் வழக்கில் மட்டும் அமெரிக்காவில் 14 பேர் கைது. இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். ரோட்டில் மறியல் செய்தால் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள். இதில் லேப்டாப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவார்கள்.