அடுத்த டைசனா, வெறும் சவடாலா? ஹெவிவெயிட் பேச்சில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஆகஸ்ட் 16 ராத்திரி ரியாத்தில் நடந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் பிரிட்டன் பையன் மோசஸ் இட்டாவ்மா, டில்லியன் வைட்டை முதல் ரவுண்டிலேயே முடித்துவிட்டார். முழுசாக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டை டீக்கடைகளில் பாக்ஸிங் பார்க்கிற நாலு பேர் கூடினால் போதும், ரெண்டு கட்சி ஆகிவிடும். "எலே, இருவது வயசுப் பய என்னமா அடிக்கான் பாத்தியா? அடுத்த மைக் டைசன் இவன்தாம்லே" என்று ஒரு கட்சி. "சும்மா இரும் வே. முப்பத்தேழு வயசு ஆள அடிச்சதுக்கா இம்புட்டு ஆட்டம்?" என்று இன்னொரு கட்சி.

ரெண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ரெண்டு கட்சியும் பையனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இதுவரை ரிங்குக்குள் அவனுக்கு என்னென்ன சோதனை வந்தது, இன்னும் எது வரவில்லை என்று கணக்குப் பார்க்க ஆளில்லை. இட்டாவ்மா மட்டுமில்லை, எந்தப் புது ஹெவிவெயிட்டைப் பற்றிப் பேசினாலும் சறுக்குகிற இடம் இதுதான்.

முதல் தவறு, துண்டு வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது. லண்டனிலும் ரியாத்திலும் நடக்கிற பெரிய சண்டைகள் நமக்கு நடுராத்திரி தாண்டித்தான் வரும். முழித்திருந்து பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்குக் காலையில் செல்போனில் வருகிற நாற்பது விநாடிதான் மொத்தச் சண்டையும். அந்த நாற்பது விநாடியில் விழுகிற அடி இருக்கும். அதற்கு முன்னால் அந்த அடிக்கு எப்படி வழி பண்ணினான் என்பது இருக்காது. அவன் தடுமாறிய இடத்தை வெட்டி எடுத்துத்தான் வீடியோவே போடுவார்கள்.

முழுச் சண்டை கிடைத்தால் வர்ணனையை மியூட்டில் போட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். ஜாப், அதாவது முன்கையால் நேராக விடுகிற குத்து, விட்ட பிறகு முன்னங்கால் எங்கே வந்து நிற்கிறது? அடித்த கை தாடைக்கே திரும்பி வருகிறதா, இடுப்புக்குத் தொங்குகிறதா? இட்டாவ்மா இடதுகை ஆட்டக்காரர், சவுத்பா. அப்படிப்பட்டவருடைய முன்னங்கால் எதிராளியின் முன்னங்காலுக்கு வெளிப்பக்கம் போய் நின்றால் அவருடைய இடதுகை நேராக உள்ளே போகும். எதிராளி அந்த இடத்தை விட்டுக்கொடுத்தானா, இவராகப் பிடித்தாரா என்பதில் ரொம்ப விஷயம் இருக்கிறது. அப்புறம் ரவுண்டுக்கு நடுவில் ஸ்டூலில் உட்காரும்போது வாயைப் பாருங்கள். மூணாவது ரவுண்டிலேயே வாய் பிளந்துவிட்டது என்றால், ஒன்பதாவது ரவுண்டு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். இதெல்லாம் நாற்பது விநாடியில் தெரியாது.

அடுத்தது, எதிராளியின் பெயரைப் பார்த்து மயங்குவது. இதில்தான் நம்மாட்கள் அதிகம் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1981 மே மாதம் ஜெர்ரி கூனி என்ற அமெரிக்கப் பையன் கென் நார்ட்டனை 54 விநாடியில் முடித்தார். நார்ட்டன் யார்? 1973இல் முகமது அலியின் தாடையை உடைத்து ஜெயித்தவர். அப்படிப்பட்ட ஆளை 54 விநாடியில் முடித்தால் ஊர் சும்மா இருக்குமா? ஆனால் அன்றைக்கு நார்ட்டனுக்கு வயது 37. அதற்கு முன்னால் கூனி ஜெயித்த ஜிம்மி யங், ரான் லைல் இருவரும் நல்ல காலம் முடிந்து இறங்குமுகத்தில் இருந்தவர்கள். நார்ட்டனை அடித்த பிறகு 13 மாதம் சண்டையே போடாமல் நேராக உலகச் சாம்பியன் லாரி ஹோம்ஸ் முன்னால் போய் நின்றார் கூனி. 1982 ஜூனில் பதிமூன்றாவது ரவுண்டில் கதை முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, கூனி போலி ஆள் இல்லை. அவருடைய இடதுகை ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்து விடுகிற குத்து, நிஜமான சரக்கு. உலகச் சாம்பியனிடம் பதிமூன்று ரவுண்டு தாக்குப் பிடிப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. ஹோம்ஸுக்கு முன்னால் அவருக்கு வர வேண்டிய சோதனைகள் வரவே இல்லை, அவ்வளவுதான். ஒரு நல்ல ஜாப் விடாமல் முகத்தில் வந்து விழுந்தால் என்ன செய்வார், பத்து ரவுண்டுக்குப் பிறகும் கை தூக்க முடியுமா? இதற்கெல்லாம் பதில் உலகப் பட்டச் சண்டையில்தான் முதன்முதலாகத் தெரிந்தது.

இப்போது வைட்டுக்கு வருவோம். 2020இல் பொவெட்கினிடம் ஐந்தாவது ரவுண்டில் மயங்கி விழுந்தவர், 2022இல் வெம்ப்ளியில் டைசன் ஃப்யூரியிடம் ஆறாவது ரவுண்டில் விழுந்தவர், இட்டாவ்மாவிடம் வரும்போது வயது 37. அந்த வெற்றி பையனின் வேகத்துக்கும் முடிக்கிற திறமைக்கும் சாட்சி. அடி தாங்குகிற தாடைக்கும், கடைசி ரவுண்டு வரை தாக்குப் பிடிக்கிற மூச்சுக்கும் அது சாட்சி ஆகாது. அந்தச் சண்டை முடிந்தபோது இட்டாவ்மா 13 போட்டி ஆடி, 11 நாக்அவுட் எடுத்திருந்தார். ஆனால் ஆறு ரவுண்டைத் தாண்டிப் போனதே இல்லை. ஊர்க் கொடைக் கபடியில் பக்கத்து ஊர் டீமிடம் ரைடு போய்ப் புள்ளி அள்ளுகிறவனை நாம் மெச்சுகிறோம். மாநில டீமில் எடுக்கிறவர், நாலு பேர் சேர்ந்து பிடிக்கும்போது என்ன செய்கிறான் என்றுதான் பார்ப்பார்.

டைசன் ஒப்பீடும் இந்த வகைதான். 1986 நவம்பரில் 20 வயதில் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்து பட்டம் வாங்கினார் டைசன். வயசு மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. பெர்பிக்குக்கு முன்னாலேயே 27 சண்டை ஆடி முடித்திருந்தார் என்பதும், அதே வருஷம் ஜேம்ஸ் டில்லிஸும் மிட்ச் கிரீனும் அவரைப் பத்து ரவுண்டு இழுத்தார்கள் என்பதும் மறந்துபோகிறது. டில்லிஸ் சண்டை பார்க்க அழகான சண்டை இல்லை. ஆனால் ஆள் விழாவிட்டால் டைசன் என்ன செய்வார் என்பதை அந்த ராத்திரிதான் காட்டியது. வயசை ஒப்பிடுகிறவர்கள் ரவுண்டையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

நாக்அவுட் சதவீதத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். டியான்டே வைல்டர் முதல் 32 சண்டையும் நாக்அவுட், ஒன்றுகூட நாலு ரவுண்டைத் தாண்டவில்லை. 2015 ஜனவரியில் பெர்மேன் ஸ்டிவெர்னிடம்தான் முதன்முதலாகப் பன்னிரண்டு ரவுண்டும் ஆடினார், ஜாப் வைத்து நன்றாகவே ஆடி ஜெயித்தார். சந்தேகப்பட்டவர்கள் வாய் அடைத்துப் போனார்கள். ஆனால் பின்னால் நகர்ந்துகொண்டே சண்டை போடத் தெரியுமா என்ற சோதனை 2020 பிப்ரவரியில்தான் வந்தது. ஃப்யூரி மேலே மேலே ஏறி வந்தார், ஏழாவது ரவுண்டில் வைல்டரின் மூலையிலிருந்தே, தோல்வியை ஒப்புக்கொண்டு, துண்டு விழுந்தது. 32 நாக்அவுட்டில் இருந்த ஒரு ஓட்டை, அதுவரை யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை.

உடம்பைப் பார்த்து எடை போடுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஜூன் 1, நியூயார்க். செதுக்கிய சிலை மாதிரி அன்றைய உலகச் சாம்பியன் ஆந்தனி ஜோஷுவா. எதிரே தொப்பையோடு சுமார் 121 கிலோவில் ஆண்டி ரூயிஸ், அதுவும் கடைசி நேரத்தில் மாற்றாக வந்தவர். மூணாவது ரவுண்டில் முதலில் விழுந்தது ரூயிஸ்தான். எழுந்து வந்து ஜோஷுவாவை நாலு தடவை விழத்தட்டி ஏழாவது ரவுண்டில் முடித்தார். ரூயிஸின் கை வேகம் தொப்பைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இதைச் சொல்லிவிட்டு உடம்பே முக்கியமில்லை என்று கிளம்பிவிடக் கூடாது: ஆறு மாதம் கழித்து மறுபோட்டிக்கு இன்னும் ஏழு கிலோ ஏற்றிக்கொண்டு வந்து, ஜோஷுவாவை எட்டிப் பிடிக்கவே முடியாமல் தோற்றார்.

உயரம், எடைக்கும் இதே கதை. 6 அடி 9 அங்குல ஃப்யூரியை 6 அடி 3 அங்குல உக்ரைன்காரர் உசிக் 2024இல் இரண்டு தடவை ஜெயித்தார்.

'இவன் அவனை அடிச்சான், அவன் இன்னொருத்தனை அடிச்சான், அப்போ இவன்தான் பெரியவன்' என்று சங்கிலி போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நம்ம ஊர்க்காரர்கள் கொஞ்சம் சத்தமாகப் போடுவார்கள். ஃப்ரேசியர் 1971இல் அலியை ஜெயித்தார். நார்ட்டன் 1973இல் அலியை ஜெயித்தார். ஃபோர்மேன் அந்த ரெண்டு பேரையும் ஆளுக்கு இரண்டு ரவுண்டில் முடித்தார். சங்கிலிக் கணக்குப்படி அலி 1974 அக்டோபரில் ஃபோர்மேனோடு மோத கின்ஷாசாவுக்குப் போயிருக்கவே கூடாது. போனார், எட்டாவது ரவுண்டில் ஃபோர்மேனைச் சாய்த்தார். ஒருவருடைய ஆட்டம் இன்னொருவருக்கு ஒத்துவருமா வராதா என்பது சங்கிலியில் தெரியாது.

தோல்வியே இல்லாத ரெக்கார்டைக் கும்பிடுவதும், ஒரு தோல்வி வந்தவுடன் ஆளைக் குப்பையில் போடுவதும் ஒரே தவறின் ரெண்டு பக்கம். டேனியல் டுபுவா 2020இல் ஜோ ஜாய்ஸிடம் பத்தாவது ரவுண்டில் முழங்காலில் உட்கார்ந்தபோது 'பயந்து விட்டுக்கொடுத்துட்டான்' என்று எவ்வளவு பேச்சு! கண்ணைச் சுற்றியிருக்கிற எலும்பு உடைந்திருந்தது. 2024 செப்டம்பரில் அதே டுபுவா வெம்ப்ளியில் ஜோஷுவாவை ஐந்து ரவுண்டில் முடித்ததும், திட்டினவர்களே உசிக்குக்கு எமன் வந்துவிட்டான் என்றார்கள். 2025 ஜூலையில் உசிக் அவரை ஐந்து ரவுண்டில் முடித்தார். முன்னாள் உலகச் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ் தன் வாழ்நாளில் மெக்கால், ரஹ்மான் இருவரிடமும் நாக்அவுட்டில் தோற்று, இருவரையும் திரும்ப அடித்தவர். அவரை யாராவது சவடால் என்று சொல்வார்களா?

பெரியவர்கள் பக்கமும் ஒரு தவறு உண்டு. 1980இல் முகமது அலி மெட்ராசுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை ஆடியதைச் சொல்கிற அண்ணாச்சிகளுக்கு, அதற்குப் பிறகு வந்த எவனும் ஆளே இல்லை. அவர்களிடம் வாதாடிப் பிரயோஜனமில்லை, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கதை கேட்கலாம். கதை நன்றாகவே இருக்கும்.

ஆனால் 'எல்லாம் வியாபாரம், எல்லாம் விளம்பரம்' என்று உதட்டைச் சுழிக்கிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. பையனுடைய சண்டையையே பார்க்காமல் புத்திசாலி மாதிரி தெரிவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. 37 வயது ஆளாகவே இருக்கட்டும், வைட்டை ஃப்யூரி சாய்க்க ஆறு ரவுண்டு ஆனது. அதை ஒரு ரவுண்டில் செய்தவனிடம் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அதுவும் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிற பேச்சுதான்.

ஆகவே அடுத்த தடவை எந்தப் பையனுடைய சண்டை அறிவிப்பு வந்தாலும் எதிராளியின் கடைசி ஐந்து சண்டையை முதலில் தேடிப் பாருங்கள். அந்த ஆள் எளிதில் விழாதவனா, பத்து ரவுண்டு இழுப்பவனா, விலாவில் அடித்து மூச்சை வாங்குபவனா? இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால் தூக்கம் கெட்டாலும் அலாரம் வைத்து முழித்துப் பார்க்கலாம். ஒன்றும் இல்லையென்றால் காலையில் செல்போனில் பார்த்துக்கொள்ளலாம்.