சொந்தமாகக் கட்டிய குட்டி விமானத்தை நாகர்கோவிலில் இருந்தே விற்பது எப்படி?

கார் ஷெட்டில் ரிவெட் அடித்து, இறக்கை பூட்டி, தானே விமானம் கட்டிப் பறக்கிறவர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் உண்டு. பாகங்களைப் பெட்டியாக விற்கும் வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி ரகத்தில் மட்டும் இப்படிக் கட்டிப் பறந்தவை 11,000-க்கு மேல். எங்கள் அண்ணனும் ஒரு ஆர்வி கட்டினார். ஓய்வு பெற்றதும் நாகர்கோவிலுக்கே வந்துவிட்டார். விமானமோ டெக்சாஸில் ஒரு சின்ன விமான நிலையத்தின் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) நின்றது, வாடகை ஏறிக்கொண்டிருந்தது. விற்கும் வேலை என் தலையில் விழுந்தது. வெளிநாட்டில் இப்படி ஒன்றை வைத்துவிட்டு ஊர் திரும்பும் நம்மூர்க்காரர் யாருக்காவது உதவட்டும் என்று அந்த வேலையை வரிசையாக எழுதுகிறேன். எல்லாம் அமெரிக்கப் பதிவில் உள்ள விமானத்துக்கு மட்டும்.

"ஊருக்கே கொண்டு வந்தால் என்ன?" என்று எல்லோரும் கேட்பார்கள். நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. பக்கத்தில் திருவனந்தபுரம், அந்தப் பக்கம் தூத்துக்குடி வாகைக்குளம். கப்பல் கூலி, சுங்கம், இங்கே பறக்க அனுமதி என்று கணக்குப் போட ஆரம்பித்தாலே ஆசை பாதியாகிவிடும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் ஆரல்வாய்மொழிக் காற்றில் இரண்டு பேர் உட்காரும் விமானத்தை ஓட்ட எனக்கு ஆசை இல்லை. அங்கேயே விற்பதுதான் புத்தி.

படி 1: விமானம் யார் பேரில், என்ன கடன்

பதிவுச் சான்றில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் விற்க முடியும். மனைவி பேரும் சேர்ந்திருந்தால் அவர் கையெழுத்தும் வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: தனிநபர் தன் பேரில் அமெரிக்கப் பதிவு வைத்திருக்க, அந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். ஊர் திரும்பி, கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பதிவும் செல்லாமல் போகும். அதனால் முதலில் விமானத்தை விற்றுவிட்டு, கார்டை அப்புறம் கொடுங்கள். விலாசம் நாகர்கோவிலுக்கு மாறினால் அதை எஃப்.ஏ.ஏ.வுக்கு (அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்துத் துறை) 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

நிலம் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோமே, அதே வேலை இங்கேயும் உண்டு. விமானங்களின் உரிமை, அடமானப் பதிவுகள் எல்லாம் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. பதிவகத்தில் இருக்கும். எஞ்சின் வாங்க என்றோ எடுத்த கடனை அடைத்திருந்தாலும், விடுவிப்புக் கடிதம் அங்கே பதிவாகாவிட்டால் கடன் நிற்பதாகத்தான் காட்டும். வாங்குகிறவர் தேடிக் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே தேடிச் சரி செய்துவிடுங்கள்.

படி 2: காகிதங்கள்

இந்த விற்பனையில் பாதி விலை காகிதத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. காரணம் இருக்கிறது. செஸ்னா மாதிரி தொழிற்சாலை விமானம் என்றால் அரசு அங்கீகரித்த ஒரே வரைபடப்படி செய்தது. எந்த மெக்கானிக்குக்கும் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். வீட்டில் கட்டியது அப்படி இல்லை. ஒரே பெட்டியை வாங்கிய இரண்டு பேர் ஒயரிங்கை இரண்டு விதமாகச் செய்திருப்பார்கள். 'சோதனை வகை, அமெச்சூர் கட்டியது' என்ற பிரிவில் சான்று வாங்க, வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்கள் கையால், படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்ததாக இருக்க வேண்டும். 51 சதவீத விதி என்று அதைத்தான் சொல்கிறார்கள். சான்றுகளில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பேர்தான் இருக்கும். வாங்குகிறவர் பார்க்கப்போவது உங்கள் கைவேலையை. ஆனால் தகடு மூடிய இறக்கைக்குள் அவரால் எட்டிப் பார்க்க முடியாது. கட்டும்போது எடுத்த படங்களும் நாள்வாரிக் குறிப்புகளும்தான் அவருக்குச் சாட்சி.

உடல், எஞ்சின், புரொப்பெல்லர் மூன்றின் லாக் புக் (பராமரிப்புப் பதிவேடு), கட்டிய காலத்துக் குறிப்பேடு, பறக்கும் தகுதிச் சான்று, அதோடு சேர்ந்த இயக்க வரம்புகள் (எப்படிப் பறக்கலாம் என்ற நிபந்தனைகள்), கடைசியாக எடை போட்ட கணக்கு, கருவிகளின் கையேடுகள், ஒயரிங் வரைபடம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் வையுங்கள். இயக்க வரம்புகள் தொலைந்த விமானத்தைச் சட்டப்படி பறக்கவிட முடியாது. அது இல்லையென்றால் விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே எஃப்.ஏ.ஏ.விடம் கேட்டு வாங்க வேண்டும். அசல் லாக் புக்கை மட்டும் யாருக்கும் தபாலில் அனுப்பாதீர்கள். பணம் வந்து சேரும்வரை அது உங்கள் ஆள் கையில் இருக்கட்டும்.

புதிதாக வாங்க வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒன்றை நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. கட்டியவருக்கு எஃப்.ஏ.ஏ. தரும் பழுதுபார்ப்போர் சான்று அவரோடு போய்விடும், விமானத்தோடு வராது. அது இருப்பவர் தன் விமானத்தின் வருடாந்திரச் சோதனையைத் தானே செய்து கையெழுத்துப் போடலாம். வாங்கியவருக்கு அந்த உரிமை தானாக வராது. அவர் எண்ணெய் மாற்றலாம், கருவி மாட்டலாம், பழுது பார்க்கலாம். 12 மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்தச் சோதனைக்கு மட்டும் அதற்கான எஃப்.ஏ.ஏ. சான்று உள்ளவர் வேண்டும், வழக்கமாக ஏ அண்ட் பி (விமான உடல், எஞ்சின் இரண்டுக்குமான) உரிமம் உள்ள மெக்கானிக். விலை பேசி முடித்தபிறகு இது தெரிந்தால் ஆள் பின்வாங்கிவிடுவார்.

படி 3: தூங்கும் எஞ்சினை எழுப்புங்கள்

சும்மா நிற்கும் விமானம் கெட்டுக்கொண்டே இருக்கும். லைகமிங் நிறுவனத்தின் எஞ்சினில், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு மேலே இருக்கிறது. ஓடாமல் நின்றால் எண்ணெய் வழிந்து இறங்கிவிட, அந்த இரும்பில் துரு பிடிக்கும். தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி அணைப்பதால் பயனில்லை. எண்ணெய் போதுமான அளவு சூடாகாமல் உள்ளே ஈரம்தான் சேரும். யாராவது எடுத்துப் பறக்க வேண்டும். நாம் நாகர்கோவிலில் இருப்பதால் அங்கே நம்பகமான ஒரு விமானி நண்பரைப் பிடிக்க வேண்டும். அவர் பேரை இன்ஷூரன்ஸில் சேர்த்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும்.

வருடாந்திரச் சோதனை முடியும் நிலையில் இருந்தால் விற்பதற்கு முன்பே புதிதாகச் செய்துவிடுங்கள். அப்போதே சிலிண்டர்களின் அழுத்த அளவு லாக்கில் ஏறிவிடும் (80 அளவுக்குக் காற்று கொடுத்தால் எவ்வளவு நிற்கிறது என்று எழுதுவார்கள்). எண்ணெய்ப் பரிசோதனை அறிக்கையும் ஒன்று வாங்கி வையுங்கள், செலவு குறைவுதான்.

படி 4: விலை

அண்ணனுக்கும் எனக்கும் சண்டை வந்தது இங்கேதான். பெட்டி இவ்வளவு, எஞ்சின் இவ்வளவு, பெயின்ட் இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே வந்தார். "எத்தன ராத்திரி தூங்காம கெட்டினதுடே, அதுக்கு வெல இல்லியா?" என்றார். "இல்லண்ணே" என்றுதான் சொல்ல முடிந்தது. கட்டிய உழைப்புக்குச் சந்தை தனியாகக் காசு தராது. அதே ரகம், அதே எஞ்சின், ஏறக்குறைய அதே மணிக்கணக்கு உள்ளவை இப்போது என்ன கேட்கிறார்கள், எவ்வளவு நாள் விற்காமல் கிடக்கின்றன என்று பாருங்கள். அதுதான் விலை.

விலையை ஏற்றி இறக்குவதில் எஞ்சினுக்குத்தான் பெரிய பங்கு. லைகமிங் ஓ-320, ஓ-360 எஞ்சின்களைப் பிரித்துச் சீரமைக்கும் காலமாக நிறுவனம் சொல்வது பெரும்பாலும் 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம். வீட்டில் கட்டிய விமானத்துக்கு இது சட்டக் கட்டாயம் இல்லைதான், ஆனாலும் வாங்குகிறவர் இதை வைத்தே பேரம் பேசுவார். மணி குறைவு என்பதும் எப்போதும் பெருமை இல்லை. 15 வருடத்தில் 200 மணி மட்டும் ஓடிய எஞ்சின் என்றால் துருவைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும்.

படி 5: விளம்பரம்

பார்ன்ஸ்டார்மர்ஸ், டிரேட்-ஏ-பிளேன் இரண்டும் இதற்கென்றே உள்ள தளங்கள். இ.ஏ.ஏ. என்ற, 1953-ல் தொடங்கிய அமெச்சூர் விமானம் கட்டுவோர் சங்கத்துக்கு ஊர் ஊராகக் கிளைகள் உண்டு. அங்கே வாய்வழிச் செய்தியாகப் போனால் இன்னும் நல்லது.

விமானத்தைக் கழுவி, ஹேங்கருக்கு வெளியே நிறுத்தி, காலை வெயிலில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கருவிப் பலகை, கவசம் திறந்த எஞ்சின், இருக்கைகள், சக்கரம் எல்லாம் வேண்டும். கீறலையும் எடுங்கள். புரொப்பெல்லர் எப்போதாவது தரையில் இடித்திருந்தால் விளம்பரத்திலேயே எழுதுங்கள். எப்படியும் லாக்கில் இருக்கும். "புதுசு போல" என்ற வார்த்தையை யாரும் நம்புவதில்லை, எழுதாதீர்கள்.

படி 6: வருகிறவர்களை வடிகட்டுவது

கோடையில் டெக்சாஸில் பகல் 12 மணி என்றால் இங்கே ராத்திரி பத்தரை. எனவே ஃபோன் பேசும் நேரத்தை விளம்பரத்திலேயே போடுங்கள். விமானத்தைப் பார்க்காமலே முழு விலைக்குச் சம்மதித்து, விலைக்கு மேல் தொகை போட்ட காசோலை அனுப்பி, மீதியை "கொண்டுபோகும் ஆளுக்கு" கொடுக்கச் சொல்பவன் திருடன். அந்தக் காசோலை பிறகு போலி என்று திரும்பும். பேச்சை நிறுத்திவிடுங்கள்.

உண்மையான ஆள் லாக் புக் கேட்பார், தன் மெக்கானிக்கை அனுப்பிப் பார்க்கலாமா என்பார். அந்தச் சோதனைச் செலவு அவருடையது. நல்ல மெக்கானிக் போரோஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் குட்டிக் கேமரா) விட்டு வால்வைப் பார்ப்பார்; முடிந்தால் அந்த ரகத்தைத் தெரிந்தவரையே அழைத்து வரச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான். அதுவும் கட்டுப்பாடு நம் விமானி கையில் இருக்க வேண்டும். 'சும்மா ஒரு சுற்று' என்று வருபவர்களுக்கு பெட்ரோல் ஊற்றிக் கட்டுப்படியாகாது.

படி 7: பணமும் கையெழுத்தும்

இருவருக்கும் பொதுவான ஒரு எஸ்க்ரோ நிறுவனத்தின் வழியாகச் செய்யுங்கள். ஓக்லஹோமா சிட்டியில் விமானப் பத்திரங்களையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. உரிமைத் தேடலும் அவர்களே செய்து தருவார்கள். நாம் கையெழுத்திட்ட விற்பனைப் பத்திரம் (எஃப்.ஏ.ஏ. படிவம் 8050-2) அவர்களிடம் இருக்கும். வாங்குபவர் பணத்தையும் அவர்களிடமே கட்டுவார். இரண்டும் சேர்ந்தபின் காகிதம் பதிவகத்துக்கும் பணம் நமக்கும் போகும். புதிய உரிமையாளர் தன் பேரில் பதிவு கேட்கும் விண்ணப்பம் 8050-1. வங்கி விவரத்தை மின்னஞ்சலில் வந்தபடியே நம்பாமல், அந்த நிறுவனத்துக்கு நீங்களே ஃபோன் போட்டு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டியவர் என்ற முறையில் உங்கள் பேர் விமானத்தின் தகட்டில் அப்படியே தொடரும். பின்னாளில் விபத்து நடந்தால் வழக்கில் உங்களையும் இழுக்கலாம் என்ற பயம் பலருக்கு உண்டு. இதற்காகவே முழு விமானத்தை விற்காமல் பிரித்து உதிரியாக விற்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது அதிகப்படியாகத் தோன்றுகிறது. உள்ளது உள்ளபடி விற்கிறேன், இது வீட்டில் கட்டியது என்று வாங்குபவருக்குத் தெரியும் என எழுதி, இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று வேண்டும். அந்த மாநில வக்கீல் ஒருவரிடம் காட்டி எழுதுங்கள். வலைத்தளத்தில் கிடைக்கும் மாதிரியை அப்படியே ஒட்டாதீர்கள்.

படி 8: விற்ற பிறகு

உங்கள் பழைய பதிவுச் சான்றின் பின்பக்கத்தில் வாங்கியவர் பேரும் விலாசமும் எழுதி, கையெழுத்திட்டு 21 நாளுக்குள் எஃப்.ஏ.ஏ.வுக்கு அனுப்ப வேண்டும். விமானத்தில் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர சமிக்ஞைக் கருவி இருந்தால், நோவா என்ற அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பில் அது உங்கள் பேரில்தான் பதிவாகியிருக்கும். உரிமை மாறியதை அங்கேயும் சொல்லுங்கள். இல்லையென்றால் அங்கே எங்கோ கருவி தவறாக அலறும்போது ராத்திரி ஒரு மணிக்கு உங்களுக்கு ஃபோன் வரும். இன்ஷூரன்ஸை விமானம் கைமாறி, பத்திரம் முடிந்தது என்று எஸ்க்ரோ சொன்ன பிறகு நிறுத்துங்கள். ஹேங்கர் வாடகைக்கும் அன்றே நோட்டீஸ் கொடுத்துவிடலாம். விற்பனைப் பத்திரத்தின் நகல், ஒப்பந்தம், லாக் புக் ஸ்கேன் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் ஒயரிங் பற்றிக் கேட்டு எப்படியும் கூப்பிடுவார்.